காய்ச்சல் சீசனை எண்களில் படிப்பது எப்படி: ஃப்ளூ பரவலும் தடுப்பூசி விகிதமும்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் வாக்கில் ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும்போது ஒருமுறை அதே செய்திகள் வருகின்றன. ‘எச்3என்2 பரவுகிறது’, ‘எச்1என்1 பாதிப்பு அதிகரிப்பு’ (இரண்டும் ஃப்ளூ வைரஸின் வகைகள்), கூடவே ‘மக்கள் அச்சப்படத் தேவையில்லை’. இந்தச் செய்திகளில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இருப்பதில்லை. இது வழக்கத்தைவிட அதிகமா, குறைவா? இந்த ஊரில் எத்தனை பேர் ஃப்ளூ ஊசி போட்டிருக்கிறார்கள்?

இரண்டுக்கும் நீங்களே விடை தேடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர், சமுதாய மருத்துவம் படிக்கும் மாணவர், பள்ளியோ முதியோர் இல்லமோ நடத்துபவர், சுகாதாரச் செய்தி எழுதுபவர் என யாராக இருந்தாலும் எக்செல்லில் கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். புள்ளியியல் பட்டம் தேவையில்லை. ஆனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் அதை எதனால் வகுத்திருக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

படி 1: எண்ணப்படுவது எது?

பேச்சில் நாம் ஃப்ளூ என்று சொல்வதெல்லாம் இன்ஃப்ளூயன்சா கிடையாது. சளி, இருமல், காய்ச்சலோடு வருபவரிடம் ரைனோ வைரஸ் இருக்கலாம், ஆர்எஸ்வி இருக்கலாம், கொரோனாவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் கண்காணிப்பில் மூன்று தனித்தனி எண்ணிக்கைகள் வைத்திருக்கிறார்கள்.

முதலாவது ஐஎல்ஐ, அதாவது ஃப்ளூ போன்ற நோய். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அளந்து பார்த்த காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இருமல் இருக்க வேண்டும், 10 நாளுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டாவது சாரி (SARI), அதாவது தீவிர சுவாசத் தொற்று. காய்ச்சலும் இருமலும் முற்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. மூன்றாவது, மூக்கிலோ தொண்டையிலோ எடுத்த சளி மாதிரியை ஆர்டிபிசிஆர் முறையில் சோதித்து உறுதி செய்தது. தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், தேசிய அளவில் புனே என்ஐவி (தேசிய வைராலஜி நிறுவனம்) போன்ற ஆய்வகங்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் மூன்றாவது எண். அதில்தான் சிக்கலும் இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. லேசான காய்ச்சல் இருமல் ஏ பிரிவு. காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, நோயாளி சர்க்கரை நோயாளியாகவோ கர்ப்பிணியாகவோ முதியவராகவோ இருந்தாலோ பி. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் இறங்குவது போன்றவை சி. பரிசோதனை அவசியம் என்று சொல்லப்படுவது சி பிரிவுக்கு மட்டும்தான். ஆக, உறுதி செய்யப்பட்ட எண்ணிக்கையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மோசமான நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எச்1என்1 கணக்கைப் பாருங்கள். இந்தியா முழுக்க 2015இல் 42,592 பேருக்குத் தொற்று, 2,990 மரணம். 2016இல் 1,786 தொற்று, 265 மரணம். 2017இல் மறுபடி 38,811 தொற்று, 2,270 மரணம். 2019இல் 28,798 தொற்று, 1,218 மரணம். 2021இல் வெறும் 778 தொற்று, 12 மரணம்.

மரணத்தைத் தொற்றால் வகுத்தால் 2015இல் 7 சதவீதம் வரும், 2016இல் கிட்டத்தட்ட 15 சதவீதம். ‘இறப்பு விகிதம் இரட்டிப்பானது’ என்று ஒரு தலைப்பே போட்டுவிடலாம். ஆனால் உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 100 கோடிப் பேருக்கு ஃப்ளூ வருகிறது, 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் அதன் சுவாசப் பாதிப்பால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதை வகுத்தால் 0.1 சதவீதம்கூட வராது. நம் கணக்கில் வந்த 7 சதவீதமும் 15 சதவீதமும் யாரைப் பரிசோதித்தோம் என்பதைத்தான் சொல்கின்றன. வைரஸ் எவ்வளவு கொடியது என்று அதிலிருந்து எடுக்க முடியாது.

இன்னொன்று. இவை எச்1என்1 எண்கள் மட்டும். எச்3என்2, பி வகை எல்லாம் இதற்கு வெளியே. 2016இல் நாட்டில் ஃப்ளூவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

படி 2: பாசிட்டிவ் விகிதத்தைப் போடுங்கள்

கொரோனா காலத்தில் எல்லோரும் கற்றுக்கொண்ட கணக்குதான். சோதித்த மாதிரிகளில் எத்தனை சதவீதம் பாசிட்டிவ் என்பது.

ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் 200 மாதிரிகள், 40 பாசிட்டிவ். நான்காம் வாரம் 600 மாதிரிகள், 72 பாசிட்டிவ். செய்தி ‘ஒரே மாதத்தில் பாதிப்பு 80 சதவீதம் உயர்வு’ என்று வரும். பாசிட்டிவ் விகிதமோ 20 சதவீதத்திலிருந்து 12 ஆக இறங்கியிருக்கிறது. பரவல் குறைகிறது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள். பயத்தில் லேசான தும்மலுக்கெல்லாம் சோதனை செய்யத் தொடங்கினாலும் விகிதம் இறங்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு, இரண்டு எண்களைப் பெருக்குவது. புறநோயாளிகளில் ஐஎல்ஐ எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அதைப் பாசிட்டிவ் விகிதத்தால் பெருக்குங்கள். அதே மாவட்டத்தில் முதல் வாரம் புறநோயாளிகளில் 6 சதவீதம் ஐஎல்ஐ என்றால் 6 × 20 சதவீதம் = 1.2. நான்காம் வாரம் 8 சதவீதம் ஐஎல்ஐ என்றால் 8 × 12 சதவீதம் = 0.96. ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடியிருக்கிறது, ஆனால் அதில் ஃப்ளூவின் பங்கு சற்றுக் குறைந்திருக்கிறது. வேறு ஏதோ வைரஸ் உள்ளே வந்துவிட்டது என்று சந்தேகிக்க இது போதும்.

தமிழ்நாட்டில் இந்தப் பெருக்கல் கணக்குக்குத் தனி மதிப்பு உண்டு. அக்டோபர், நவம்பரில் ‘காய்ச்சல்’ என்று பதிவேட்டில் ஏறுவதில் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாம் கலந்திருக்கும். காய்ச்சல் முகாமின் மொத்த எண்ணிக்கையை அப்படியே ஃப்ளூ வரைபடமாகப் போட்டால் நீங்கள் வரைவது பாதி கொசுவின் வரைபடமாக இருக்கும். இருமல் இருந்ததா என்ற ஒரு பத்தியைப் பதிவேட்டில் சேர்த்தாலே நிலைமை பெரிதும் தெளியும்.

தரவு எங்கே கிடைக்கும்? உங்கள் வட்டாரத்தின் புறநோயாளிப் பதிவேடும், ஐஎச்ஐபி என்ற ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் ஏற்றப்படும் வாராந்திர அறிக்கையும் உள்ளூர் மூலங்கள். நாட்டளவில் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் ஃப்ளூநெட். அந்த நிறுவனம் 1952 முதல் நடத்திவரும் உலகளாவிய ஃப்ளூ ஆய்வக வலையமைப்பின் தரவு அதில் ஏறுகிறது. எந்த நாடு, எந்த வாரம், எத்தனை மாதிரி, எந்த வகை வைரஸ் என்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

வரைபடம் போடும்போது கடைசி இரண்டு வாரங்களைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். ஆய்வக முடிவுகள் தாமதமாகத்தான் வந்து சேரும். அதனால் எந்த வரைபடத்திலும் கடைசிப் பகுதி கீழே சாய்ந்தே தெரியும். அதைப் பார்த்து ‘அலை ஓய்ந்தது’ என்று அறிவித்துவிட்டு அடுத்த வாரம் விழிப்பவர்கள் நிறையப் பேர்.

படி 3: வழக்கம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்

‘அதிகம்’ என்று சொல்ல வேண்டுமானால் எதைவிட அதிகம் என்று தெரிய வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுகளின் வாராந்திர எண்களை எடுத்து, ஒவ்வொரு வாரத்துக்கும் முந்தைய வாரம், பிந்தைய வாரம் இரண்டையும் சேர்த்துச் சராசரி காணுங்கள். 40ஆம் வாரத்துக்கு 39, 40, 41 என்று ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்தால் 15 எண்கள் கிடைக்கும். அவற்றின் சராசரிதான் அந்த வாரத்தின் வழக்கம். திட்ட விலக்கத்தை (அந்த எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு, எக்செல்லே போட்டுத்தரும்) 1.645ஆல் பெருக்கிச் சராசரியோடு கூட்டினால் எச்சரிக்கைக் கோடு. இந்த ஆண்டின் கோடு அதைத் தாண்டினால், அதுவும் இரண்டு வாரம் தொடர்ந்து தாண்டினால், பேச வேண்டிய விஷயம்தான்.

2020, 2021 இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊரடங்கும் முகக்கவசமும் இருந்த அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஃப்ளூ கிட்டத்தட்டக் காணாமல் போனது. ஆஸ்திரேலியாவில் 2019இல் ஆய்வகம் உறுதி செய்த ஃப்ளூ 3 லட்சத்துக்கும் மேல், 2021இல் அது ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. இந்த ஆண்டுகளைச் சராசரியில் சேர்த்தால் அதற்குப் பிறகு வந்த சாதாரண சீசன்கூடப் பெரும் தொற்றாகத் தெரியும்.

ஐரோப்பிய நாடுகளில் நகரும் தொற்று முறை என்று ஒரு நுணுக்கமான கணக்கு உண்டு. சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களின் உச்ச எண்களிலிருந்து தொடக்கக் கோட்டைப் போடுவார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு சிகரம், நடுவில் தெளிவான வெற்றுக்காலம் என்று இருக்கும் இடத்துக்கு அது கச்சிதம். இரண்டு சிகரம் வரும் நம் ஊருக்கு அப்படியே பொருத்தினால் இடறும். எளிய சராசரியே எனக்குப் பிடிக்கும். யாராவது கேட்டால் எப்படி வந்தது என்று அங்கேயே விளக்கிவிடலாம்.

படி 4: உங்கள் ஊரின் காலண்டரைப் பிடியுங்கள்

ஃப்ளூ என்றால் குளிர்கால நோய் என்பது இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சரி. இந்தியா என்ற ஒரே நாட்டுக்குள்ளேயே அது மூன்று விதமாக நடந்துகொள்கிறது. ஸ்ரீநகரில் உச்சம் ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லி, லக்னோ, புனே பக்கம் தென்மேற்குப் பருவமழையோடு ஜூன், ஜூலை, ஆகஸ்டில். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில். இந்திய ஆய்வகங்களின் பல ஆண்டுத் தரவைச் சேர்த்து 2015இல் வெளியான ஆய்வு காட்டிய படம் இது. ஸ்ரீநகர் போன்ற குளிர்ப்பகுதியை விட்டுவிட்டால், மழையும் ஈரப்பதமும் நெருக்கமாக உள்ளே அடைந்து கிடப்பதும் பரவலுக்குத் துணைபோகலாம் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

அப்புறம், எந்தக் காலண்டரும் கல்வெட்டு கிடையாது. புதுச்சேரியைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பரவியதால் 17 முதல் 25 வரை எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடினார்கள். ஆறே மாதத்தில், 2023 மார்ச் 16 முதல் 26 வரை, எச்3என்2 காரணமாக மறுபடி மூடினார்கள். இந்தியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்று, பருவமழைக்குப் பின் ஒன்று என்று இரண்டு உச்சங்கள் வரும் என மத்திய அமைச்சகம் அந்த மார்ச்சில் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது. தேர்வு நேரத்தில் வரும் அந்த முதல் உச்சத்தைத் தமிழ்நாட்டில் நாம் போதுமான அளவு கண்டுகொள்வதில்லை என்பது என் எண்ணம்.

இலங்கையிலும் ஆண்டின் நடுப்பகுதியில் ஒன்று, ஆண்டு முடியும் தறுவாயில் ஒன்று என்று இரண்டு ஏற்றங்கள் வழக்கம். யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கணக்குப் போடுபவர்கள் கொழும்பின் வரைபடத்தை அப்படியே எடுக்காமல் தங்கள் மாகாண மருத்துவமனைகளின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

படி 5: எந்த வைரஸ், எந்த ஊசி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இப்போது மனிதரிடையே சீசனுக்குச் சீசன் சுற்றுபவை மூன்று: ஏ வகையில் எச்1என்1, எச்3என்2, அப்புறம் பி வகையின் விக்டோரியா. நான்காவதாக இருந்த பி யமகாட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் தென்படவில்லை. அதனால் நான்கு வைரஸுக்கான ஊசியிலிருந்து மறுபடி மூன்று வைரஸுக்கான ஊசிக்கு உலகம் திரும்பிக்கொண்டிருக்கிறது. கடையில் நான்குக்கான ஊசி கிடைத்தால் அது மோசமும் இல்லை, கூடுதல் பயனும் பெரிதாக இல்லை.

எச்3என்2 மேலோங்கும் ஆண்டில் முதியவர்கள் அதிகம் மருத்துவமனைக்கு வருவார்கள். பி வகை குழந்தைகளிடம் கூடுதலாகத் தெரியும். ஆகவே வயதுவாரியாகப் பிரிக்காத வரைபடம் பாதிக் கதைதான் சொல்லும்.

ஊசியில் எந்த வைரஸ் இருக்க வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. முட்டையில் வளர்த்துத் தயாரித்துக் கடைக்கு வர ஏறத்தாழ அரை ஆண்டு ஆகிவிடும். அதற்குள் வைரஸ் உருமாறினால் பொருத்தம் தவறும். அமெரிக்காவில் 2014-15 சீசனில் அப்படி நடந்து ஊசியின் பலன் 19 சதவீதத்துக்கு இறங்கியது. பொருத்தம் நன்றாக இருக்கும் ஆண்டில் 40 முதல் 60 சதவீதம்.

சென்னை போன்ற அக்டோபர் உச்ச ஊர்களில் செப்டம்பருக்குள் ஊசி முடிந்திருக்க வேண்டும். போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும், சில மாதங்களில் அது தேயவும் தொடங்கும். எந்த அரைக்கோளத்து ஊசி என்று குழம்ப வேண்டாம். சந்தையில் இருப்பதில் புதியதைப் போடுங்கள்.

படி 6: தடுப்பூசி விகிதத்தைக் கணக்கிடுங்கள்

இதுதான் கடினமான பகுதி. கணக்கு எளிது: ஊசி போட்டவர்களைப் போட வேண்டியவர்களால் வகுத்து நூறால் பெருக்குங்கள். மேல் எண், கீழ் எண் இரண்டிலும் கண்ணி இருக்கிறது.

மேல் எண்ணிலிருந்து தொடங்குவோம். வாங்கிய ஊசி, அனுப்பிய ஊசி, போட்ட ஊசி, ஊசி போட்டுக்கொண்ட ஆள் என்று நான்கு வெவ்வேறு எண்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது கடைசி எண். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தை முதன்முறை ஃப்ளூ ஊசி போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். ஆக 100 டோஸ் என்பது 100 குழந்தைகளாக இருக்காது. இரண்டாவது டோஸுக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று தனிப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் ஓட்டை விழும்.

இந்தியாவில் இன்னொரு பெரிய தொல்லை. ஃப்ளூ ஊசி அரசின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. பெரும்பகுதி தனியார் கிளினிக்கில், கைக்காசு கொடுத்துப் போடுவது. அந்த டோஸ்கள் எந்த அரசுப் பதிவேட்டிலும் முறையாக ஏறுவதில்லை. எனவே பதிவேட்டை நம்பி விகிதம் போட முடியாது. வீடு வீடாகக் கேட்க வேண்டும், அல்லது வட்டாரத்துக் குழந்தை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிடமும் கேட்டுத் திரட்ட வேண்டும்.

கேட்பதிலும் கவனம் தேவை. ‘ஃப்ளூ ஊசி போட்டீர்களா’ என்று கேட்டால் ‘கொரோனாவுக்கு இரண்டு தவணை போட்டாச்சே’ என்று பதில் வரும். காய்ச்சலுக்கு இடுப்பில் போட்ட ஊசியைச் சொல்பவர்களும் உண்டு. ‘கடந்த 12 மாதத்தில், காய்ச்சல் இல்லாத நேரத்தில், ஃப்ளூ வராமல் இருக்க என்று தனியாகக் காசு கொடுத்து ஏதாவது தடுப்பூசி போட்டீர்களா? எங்கே?’ என்று கேளுங்கள். சீட்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள். ‘இந்த சீசனில்’ என்று கேட்காமல் 12 மாதம் என்று கேட்பது நம் ஊருக்குப் பொருந்தும், ஏனென்றால் ஏப்ரலில் போட்டவரும் இருப்பார், செப்டம்பரில் போட்டவரும் இருப்பார்.

இப்போது கீழ் எண். இங்கிலாந்தில் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்திருப்பதால் 65 வயதுக்கு மேற்பட்டோர் பட்டியல் கையிலேயே இருக்கிறது. அதனால்தான் அங்கே 2021-22இல் 82.3 சதவீதம், 2023-24இல் 77.8 சதவீதம் என்று தசமப் புள்ளியோடு சொல்ல முடிகிறது. முதியோரில் 75 சதவீதம் என்பது உலக சுகாதார மாநாடு 2003இல் வைத்த இலக்கு. அதைத் தாண்டிய சில நாடுகளில் இங்கிலாந்தும் ஒன்று. அங்கேயே 65க்குக் கீழே நாள்பட்ட நோய் உள்ளவர்களை எடுத்தால் 2023-24இல் பாதியைக்கூட எட்டவில்லை. அமெரிக்காவில் தொலைபேசி சர்வே வழியாகத்தான் பெரும்பாலும் கணக்கெடுக்கிறார்கள். குழந்தைகளில் 2019-20இல் 64 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2023-24இல் 55 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கொரோனா ஊசியைச் சுற்றி எழுந்த சண்டை ஃப்ளூ ஊசியையும் தொட்டுவிட்டது என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நம் நாட்டில்? 2017-18இல் லாசி என்ற தேசிய முதுமை ஆய்வு 45 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டபோது ஃப்ளூ ஊசி போட்டதாகச் சொன்னவர்கள் 2 சதவீதம்கூட இல்லை.

இவ்வளவு குறைந்த விகிதத்தைச் சின்ன சர்வேயால் அளக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். 100 பேரைக் கேட்டு 2 பேர் போட்டதாகச் சொன்னால், உண்மை விகிதம் 0.2 சதவீதத்திலிருந்து 7 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த ஆண்டு 100 பேரில் 4 என்று வந்தால் ‘இரட்டிப்பு’ என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. எனவே ஊர் முழுவதையும் அளக்க முயலாமல், பட்டியல் கையில் இருக்கும் ஒரு குழுவை எடுத்து ஆள் ஆளாக எண்ணுவதே மேல்.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பட்டியல்கள் இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு பிக்மி எண், அதாவது அரசு தரும் கர்ப்பப் பதிவு எண், இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் பட்டியல் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசல்வரை மாத்திரை கொண்டுபோகும் பணியாளரிடம் இருக்கிறது. டயாலிசிஸ் பிரிவில் ஒரு நோட்டு இருக்கும். ஃப்ளூவால் அதிகம் பாதிக்கப்படுபவர்களும் இவர்களேதான். கீழ் எண் தயாராக இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் ‘மொத்த மக்கள்தொகையில்’ என்று வகுப்பது வீண் வேலை.

கீழ் எண்ணிலிருந்து யாரை விட்டுவிட்டார்கள் என்றும் பாருங்கள். ஒரு கற்பனை மருத்துவமனையில் 200 பேர்: 50 டாக்டர்கள், 90 நர்ஸ்களும் ஆய்வகத்தினரும், 60 துப்புரவு, காவல் பணியில் இருக்கும் ஒப்பந்தப் பணியாளர்கள். ஊசி போட்டவர்கள் முறையே 40, 64, 6. நிர்வாகம் தன் சம்பளப் பட்டியலில் உள்ள 140 பேரை மட்டும் எடுத்தால் 104 பேர், 74 சதவீதம். நல்ல மதிப்பெண். ஒப்பந்தப் பணியாளர்களைச் சேர்த்தால் 200க்கு 110, அதாவது 55 சதவீதம். அந்த 60 பேரை மட்டும் எடுத்தால் 10 சதவீதம். வார்டில் படுக்கைக்குப் படுக்கை தினமும் போய்வருபவர்கள் அவர்கள்தான். ஒரே ஒரு மொத்த விகிதத்தை மட்டும் காட்டும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

படி 7: இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பாருங்கள்

‘ஊசி போட்டவங்களுக்கும்தான் வருது, அப்புறம் எதுக்கு ஊசி?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். இதற்குப் பதில் சொல்லத்தான் தடுப்பூசி விகிதம் தேவைப்படுகிறது.

1,000 முதியவர்கள், அதில் 800 பேர் ஊசி போட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். போடாத 200 பேரில் 10 சதவீதம், 20 பேருக்கு ஃப்ளூ. போட்ட 800 பேரில் 5 சதவீதம், 40 பேருக்கு ஃப்ளூ. ஆஸ்பத்திரியில் இருந்து பார்ப்பவருக்கு 60 நோயாளிகளில் 40 பேர் ஊசி போட்டவர்கள். மூன்றில் இரண்டு பங்கு! ஆனால் ஊசி ஆபத்தைப் பாதியாக்கியிருக்கிறது.

இதைத் திருப்பியும் போடலாம். நோயாளிகளில் போட்டவர்-போடாதவர் விகிதம் 40க்கு 20, அதாவது 2. மக்களில் அதே விகிதம் 800க்கு 200, அதாவது 4. இரண்டை நான்கால் வகுத்தால் 0.5. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் 0.5, அதாவது ஊசியின் பலன் 50 சதவீதம். நோயாளிகளிடம் ‘போட்டீர்களா’ என்று கேட்டுப் பதிந்திருந்தால், மக்களின் தடுப்பூசி விகிதமும் தெரிந்திருந்தால், உங்கள் வட்டாரத்திலேயே இந்த மதிப்பீட்டைப் போடலாம். வயது, நாள்பட்ட நோய் ஆகியவற்றைப் பிரித்துப் போடாவிட்டால் இது கரடுமுரடான மதிப்பீடு மட்டுமே.

தடுப்பூசி விகிதம் ஊரின் மொத்தப் பரவலையே குறைக்குமா? குழந்தைகளைப் பிடித்தால் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. கனடாவின் மேற்குப் பகுதியில் ஹட்டரைட் என்ற சமூகத்தினர் தனித்தனிக் குடியிருப்புகளில் கூட்டாக வாழ்கிறார்கள். 2008-09 சீசனில் சில குடியிருப்புகளில் குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசியும், மற்றவற்றில் ஒப்பீட்டுக்காக ஹெபடைட்டிஸ் ஏ ஊசியும் போட்டார்கள். ஃப்ளூ ஊசிக் குடியிருப்புகளில் 83 சதவீதக் குழந்தைகள் போட்டிருந்தார்கள். அங்கே ஊசியே போடாத மற்றவர்களுக்கு ஃப்ளூ 61 சதவீதம் குறைந்தது.

ஜப்பானின் கதை இன்னும் நீளமானது. 1962 முதல் அங்கே பள்ளிக்குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள். 1987இல் கட்டாயம் தளர்ந்தது, 1994இல் திட்டமே நின்றுபோனது. அதற்குப்பின் முதியோரின் குளிர்கால மரணங்கள் ஏறின. திட்டம் நடந்த காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் தவிர்க்கப்பட்டன என்று 2001இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அது பின்னோக்கிப் பார்த்துப் போட்ட கணக்கு, வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஹட்டரைட் ஆய்வின் எண்ணைத்தான் நான் அதிகம் நம்புவேன். இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பது முக்கியம்.

நம் 2 சதவீதத்தை வைத்துக்கொண்டு இப்படி எதையும் எதிர்பார்க்க முடியாது. நம் ஊர் வரைபடம் ஓர் ஆண்டு இறங்கினால் அதற்குத் தடுப்பூசி காரணம் இல்லை. வைரஸின் வகை மாறியிருக்கும், முந்தைய ஆண்டுத் தொற்றால் வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருக்கும், அல்லது பரிசோதனை குறைந்திருக்கும்.

படி 8: விகிதத்தை ஏற்றுவது

முதலில் யார்? கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம் சார்ந்த நோயுள்ளவர்கள், சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஊசி போட முடியாது. கர்ப்ப காலத்தில் தாய்க்குப் போட்டால் அந்தக் காப்பு குழந்தைக்கும் போகிறது. இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே பல வீடுகளில் மாமியாரே கூட்டிக்கொண்டு வருவார்.

‘ஊசி போட்டதும் காய்ச்சல் வந்துடுச்சு’ என்பவருக்கு: கையில் போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ் அல்லது அதன் துண்டுகள், அதால் ஃப்ளூவை உண்டாக்க முடியாது. ஓரிரு நாள் கைவலி, லேசான காய்ச்சல் வருவது சாதாரணம். முன்பு தடுப்பூசிக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மட்டும் டாக்டரிடம் பேசிவிட்டுப் போட வேண்டும்.

விலைதான் பெரிய தடை. குடும்பத்தில் நான்கு பேருக்கு ஆண்டுதோறும் என்றால் பல வீடுகளின் மாதச் செலவில் அது பெரிய பங்கு. அறிவுரையால் இந்தத் தடை நகராது. குடியிருப்பு சங்கம், தொழிற்சாலை, முதியோர் இல்லம் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். வாங்கினால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்துபோனால் வீண். வீட்டு ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கும் வேலை வேண்டாம்.

காசு தடையாக இல்லாத இடத்தில் நினைவூட்டல் வேலை செய்யும், ஆனால் கொஞ்சமாகத்தான். டென்மார்க்கில் 2022-23 சீசனில் 9.6 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து நடந்த சோதனையில், ஃப்ளூ ஊசி இதயத்துக்கும் நல்லது என்ற மின்கடிதம் பெற்றவர்களில் 81 சதவீதம் போட்டார்கள். கடிதம் பெறாதவர்களில் 80.1 சதவீதம். ஊசி இலவசமாகவும் பக்கத்திலும் இருந்ததால்தான் அந்த 80 முதலிலேயே இருந்தது.

படி 9: ஒரே பக்க அறிக்கை

எல்லாம் முடிந்ததும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மேலே இந்த ஆண்டின் கோடும் வழக்கக் கோடும் எச்சரிக்கைக் கோடும் உள்ள வரைபடம், கடைசி இரண்டு வாரம் புள்ளிக்கோடாக. அதன் கீழே எந்த வைரஸ் எத்தனை சதவீதம், எந்த வயதினர். அடுத்து குழுவாரியாகத் தடுப்பூசி விகிதம், ஒவ்வொன்றுக்கும் மேல் எண்ணும் கீழ் எண்ணும் முழுதாக, ‘கர்ப்பிணிகள் 212இல் 31’ என்பதுபோல். சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். எந்த மூலத்திலிருந்து எடுத்தீர்கள், எந்தத் தேதிவரை, யாரைச் சேர்க்கவில்லை என்று கடைசியில் இரண்டு வரி. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் இந்த அறிக்கையை ஆகஸ்டிலேயே முதல்முறை எடுத்துவிடுங்கள். ஊசி வாங்க இன்னும் அவகாசம் இருக்கும்.